மோட்டுப் பூட்டு

மே 3, சனி

காலை நடை இருபத்திரண்டு நிமிடம். இரத்த அழுத்தம் 140/86. மாத்திரைகள் டாக்டர் எழுதியபடி.

பத்து மணிக்கு லலிதாம்பிகை வந்தாள். ஆற்றங்கரை மரவீட்டுக்காரி, தபால் நிலையத்தில் வேலை. சிறு பிள்ளையாக இருந்தபோது என்னைச் ‘சார்மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஐம்பத்து மூன்று வயதிலும் அதை விடவில்லை. பழைய வேட்டியில் சுற்றிய கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அவள் பிரிக்கும் முன்பே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. 1981இல் அவர்கள் வீட்டை நான் அளந்து வரைந்த படம். நாற்பத்து நான்கு வருடம் கூடத்தில் மாட்டியிருந்தது. வலது மூலையில் என் எழுத்து: அளந்து வரைந்தது, தா. மாதேவன், வரைவாளர்.

போன ஐப்பசி வெள்ளத்தில் கரை இடிந்து, வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே இப்போது பதினொரு எட்டு தூரம்தான் இருக்கிறதாம்.

“எடவப்பாதி மழை தொடங்கினா வீடு ஆத்துக்குள்ள போயிரும் சார்மாமா. ஜூன் பிறக்க முன்ன பிரிச்சு மேட்டுல இருக்க நம்ம பலாவிளைல கொண்டு வச்சிரணும். ஆணி அடிக்காத வீடுல்லா, பிரிச்சா பிரியும், கோத்தா கோக்கும்னு அப்பா சொல்லுவா. ஆனா எந்தக் கம்பு எங்கங்கிறது ஒங்க படத்தப் பாத்தாத்தான் தெரியும்.”

ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, மறுபடி கோக்கும்போது நான் உடனிருக்க வேண்டும் என்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் மனைவி ரெத்தினம், “எழுவத்தி நாலு வயசுல ஏணில ஏறப் போறியளா?” என்றாள். ஏற மாட்டேன் என்றேன்.

மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கிறது. வழக்கமான கட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மே 5, திங்கள்

வீட்டைப் போய்ப் பார்த்தேன். என் படத்தோடு ஒப்பிட்டேன். தூண்கள் இருபத்து நான்கு. ஒன்றுகூட மண்ணில் புதையவில்லை. ஒவ்வொன்றும் தன் கல்லின் மேல் நிற்கிறது. தூண்களின் தலையில் உத்தரம். அதன் மேலிருந்து நான்கு பக்கமும் சாய்ந்தேறும் கழுக்கோல்கள் ஐம்பத்தெட்டு. சுவர் என்று எதுவுமில்லை. அயனி மரப் பலகைகளைத் தூண்களில் வெட்டிய காடியில் இறக்கி நிரையாக நிறுத்தியிருக்கிறார்கள். மேலே பனையோலை. கழுக்கோல்கள் எல்லாம் போய்ச் சேருமிடம் கூரையுச்சி மரமான மோட்டுவளை, முப்பத்தொரு அடி. அத்தனை நீளத்துக்கு ஒரே மரம் அமையாததால், இரண்டு துண்டுகளை நடுவில் ஒன்றையொன்று கவ்வவிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கவ்வலுக்கு நேர் கீழே, கூடத்தின் நடுவில், ஒரு தென்னந்தடி முட்டு. மோடு இரண்டு அங்குலம் தொய்ந்ததால் 1982இல் வைத்தது. அதற்கு வீட்டில் ‘நாகப்பன் முட்டு’ என்று பெயர். அன்று மோட்டைப் பழுதுபார்க்க வந்த நாகப்பன் ஆசாரி வைத்ததல்ல. அவரால் வைக்க வேண்டிவந்தது என்பது அவர்கள் எண்ணம். லலிதாம்பிகை காப்பித் தட்டோடு வந்தாள். முட்டைப் பார்க்காமலே விலகிச் சுற்றி வந்தாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் கால்கள் அப்படிப் பழகிவிட்டன.

பிரிக்கும் வேலையைச் சுயம்பு என்பவர் எடுத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். பழைய மரவீடுகளைப் பிரித்து உல்லாச விடுதிகளுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் தொழில். ஐந்து ஆட்கள், சங்கிலிக் கப்பி, ஒரு லாரி. என் படத்தை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார்.

“எங்க கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு சுத்தமா அச்சடிக்கல்ல சாரே.”

நன்றி சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டேன். லலிதாம்பிகை உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

“நாகப்பன் ஆசாரிக்க மவன். அக்காவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாண்டாம். எங்கப்பன் ஏறின மோட்ட ஒருக்கா கிட்டப் போயிப் பாக்கணும்னு இருந்துது. அதாக்கும் இந்த வேலைய எடுத்தேன்.”

“அப்பா இருக்காரா?”

“இருக்காரு. எம்பத்தாறு. கண்ணு ரெண்டும் போயி ஒம்பது வருசம். காதும் நாக்கும் நல்லா உண்டும்.”

அந்தப் பழைய தகராறில் நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான்.

மே 6, செவ்வாய்

152/92. மறுபடி பார்த்தேன். 154/92.

மே 8, வியாழன்

ஓலையை இறக்கிவிட்டார்கள். மூன்று வருட ஓலை, அடியில் புகையேறிக் கறுத்திருந்தது. எலிக்கூடு நான்கு, ஒரு சிறுமியின் ரப்பர் செருப்பு ஒன்று. செருப்பைப் பார்த்து லலிதாம்பிகை சிரித்தாள். அது அவளுடையதுதானாம், மூன்றாம் வகுப்பில் காணாமல் போனது. எத்தனை தடவை ஓலை மாற்றியிருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் அது தப்பித்திருக்கிறது.

மரச்சட்டம் மட்டும் நிற்கிறது. இதை இப்படி நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு முப்பது வயது. அன்றும் ஓலை மாற்றும் நாட்கள்தான். அந்த ஒரு வாரம்தான் மோடு கண்ணுக்குத் தெரியும்.

தகரத் துண்டுகளில் எண் பொறித்துச் செம்புக் கம்பியால் கட்டுகிறோம். கிழக்கு மூலையிலிருந்து வலம் வருகிறேன். ஒன்று முதல் நூற்று முப்பத்தாறு வரை முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் நாற்பத்து ஒன்றை இரண்டு முறை போட்டுவிட்டேனோ என்று சந்தேகம். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பார்த்தேன். இல்லை.

மே 10, சனி

சுயம்பு மோட்டில் ஏறியிருந்தார். நான் கீழே பட்டியலோடு நின்றேன். அவர் கூப்பிடுவார் என்று தெரியும். கூப்பிட்டார்.

“சாரே, மோட்டுவளை கவ்வுகிற எடத்துல ஒரு தொளை உண்டும். படத்துல அது இல்லியே.”

“பூச்சி அரித்திருக்கும்.”

துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மேலிருந்து குரல் வந்தது. “சதுரமா அரிக்கிற பூச்சியா சாரே? நாலு மூலையும் உளி வச்ச மாதிரி அரிச்சிருக்கே.”

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

தயிர்ச் சாதம் பாதியில் போதும் என்றேன். ரெத்தினம் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சூடில்லை.

மே 13, செவ்வாய்

வீடு இப்போது இல்லை. நானூற்றுப் பதினொரு துண்டுகளாகப் பலாவிளைத் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. லலிதாம்பிகை தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் தங்கியிருக்கிறாள். கரை இப்போது பத்து எட்டு.

மோட்டுவளையின் இரண்டு பாதிகளும் தரையில் இருப்பதால் துளை எல்லோர் கண்ணிலும் படுகிறது. கவ்வலின் நடுவே குறுக்காக. ஒரு சாண் நீளம். அகலத்தை அளந்தேன்: ஓர் அங்குலம் ஏழு நூல், இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.

லலிதாம்பிகை அதைப் பார்த்துவிட்டு, “இது அந்த நாகப்பன் ஆசாரி வெட்டினது” என்றாள். “மோட்ட சரிபண்ணக் கூப்பிட்டா, கூலிக்கு வேலை உண்டாக்க அவரே தொளைய வெட்டிக்கிட்டு, பூட்டக் காணோம்னாராம். அப்பா படத்தக் காட்டினா. படத்துல தொளையே இல்ல. வெரட்டி விட்டாச்சு. ஒரு இரும்புப் பட்டை வச்சுப் போல்டு போட்டிருங்க, சுயம்பு. பழையபடி நடுவுல முட்டும் வச்சிரலாம்.”

சுயம்பு கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

“நாகப்பன் ஆசாரிக்க மவன்தான் நான்.”

லலிதாம்பிகைக்கு முகம் போய்விட்டது.

“எங்கப்பன் வெட்டல்ல அக்கா. இது வீடு நிமிந்த அண்ணைக்கே வெட்டின தொளை. உள்ள பாருங்க, எத்தனை வருசக் கறுப்பு. இதுல ஒரு மரப்பூட்டு இருந்துது. ரெண்டு வளையையும் இறுக்கிப் பிடிக்கது அதாக்கும். மழையில ஓலை நனைஞ்சா ரெட்டி பாரம். பூட்டு இல்லாம எறங்கத்தான் செய்யும். இரும்பப் போட்டா அயனி பொளந்து தலையில விழும். நீங்கதான் அதுக்கு அடியில படுக்கணும்.”

“படத்துல இல்லியே.”

“அப்பம் படம் பொய்.”

“சார்மாமா படம் பொய்யா?” அவள் என் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க சார்மாமா. நீங்கதான அண்ணைக்கு மோட்டுல ஏறினது. தொளை இருந்துதா, இல்லியா?”

பழைய குறிப்புகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

“பாத்துச் சொல்லுங்க” என்றார் சுயம்பு. “இருந்துதுன்னு சொன்னா நான் பூட்டு செஞ்சு மோட்ட ஏத்துகேன். இல்லன்னு சொன்னா, எங்கப்பன கள்ளன்னு எழுதின படத்தப் பாத்து நான் வீடு கெட்ட மாட்டேன். வேற ஆளப் பாருங்க.”

வேறு ஆள் இல்லை. நாகர்கோவிலில் ஒருவர் இருந்தார். அவர் இப்போது துபாயில்.

மே 14, புதன்

ரெத்தினம் மேசையைத் துடைக்க வந்தாள்.

“அந்தக் கட்டைய எங்க? தாளெல்லாம் பறக்கு.”

பைக்குள் இருக்கிறது என்றேன். எடுத்துப் பார்த்தாள். நான் அதில் வெள்ளை எனாமலால் 412 என்று எழுதியிருந்தேன். பெயின்ட் இன்னும் காயவில்லை.

“ஆபீஸ்லேந்து கொண்டு வந்ததுன்னு சொன்னியளே.”

“ஆமா.”

“ஆபீஸ் கட்டைக்கு எதுக்கு எண்ணு?”

அவள் கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய பெயின்ட்டை முந்தானையில் துடைத்தாள். “ஒரு எட்டு கோணலா விழுந்தாலே ரப்பர் எடுக்கிற ஆளு. இந்த நாலப் பாருங்க, எப்பிடி நடுங்கியிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எழுதிவிடுகிறேன்.

1981இல், ஓலை இறக்கியிருந்த வாரத்தின் கடைசி நாள், மோட்டில் ஏறிக் கவ்வலை அளந்தேன். அதில் ஒரு பூட்டு இருந்தது. ஒரு சாண் நீளம், ஒரு முனை குறுகலானது, பலாமரம். எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். நினைத்ததைவிடச் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. கீழே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இலையைச் சுற்றிப் பத்துப் பேர். அரசாங்க வரைவாளரே வந்து தன் வீட்டைப் படம் வரைகிறார் என்று லலிதாம்பிகையின் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்ப ஏறவில்லை. மறுநாள் காலையில் போனபோது மோட்டின் மேல் ஓலை மேய்ந்துவிட்டார்கள். பிரிக்கச் சொல்ல வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். மத்தியானம் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு சாயங்காலம்.

படத்தில் துளையை வரைந்தால், அதில் இருக்க வேண்டியது எங்கே என்று கேட்பார்கள். அதனால் வெறும் கவ்வலாக வரைந்தேன். என் வேலைக்காலம் முழுவதும் அளவுக்கு மாறாக நான் போட்ட ஒரே கோடு அது.

அடுத்த மழையில் மோடு இறங்கியது. நாகப்பன் ஆசாரி வந்தார், ஓலையைப் பிரித்தார், பூட்டைக் காணோம் என்றார். என்னை வரவழைத்துக் கேட்டார்கள். “படத்தில் அப்படி ஒரு துளை இல்லை” என்றேன். அது உண்மைதான். இந்த இடத்தில்தான் நான் எப்போதும் யோசிப்பதை நிறுத்திக்கொள்வேன்.

மே 15, வியாழன்

காலை ஆறரைக்கு, ஆட்கள் வருமுன், பலாவிளைக்குப் போனேன். கட்டையின் மேல் கொஞ்சம் புகைக்கரி தடவியிருந்தேன். தார்ப்பாயைத் தூக்கி, கழுக்கோல்களுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். பட்டியலின் கடைசியில் 412 என்று சேர்த்து, ‘சிறு துண்டு, இடம் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

மே 16, வெள்ளி

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது. நல்லதுதானா என்று தெரியவில்லை.

மே 17, சனி

சுயம்பு வீட்டுக்கே வந்தார். ரெத்தினம் காப்பி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை கூலிக்காரர்களைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினார். பிறகு டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, பையிலிருந்து கட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“நானூத்திப் பன்னெண்டு. எடம் தெரியவில்லை.”

“ஆமாம்.”

“வீட்டுல நானூத்திப் பதினோரு துண்டு உண்டும் சாரே. எல்லாத்துலயும் எலி கடிச்ச பாடு உண்டும், பல்லி முட்டை உண்டும். இந்த ஒண்ணுக்கு மட்டும் காப்பி குடிக்கிற பழக்கம் உண்டும் போலிருக்கே.”

டம்ளரை எடுத்தார். அதன் அடியில் மேசையில் ஒரு ஈர வட்டம். கட்டையின் மேல்பக்கத்தில், கரிக்குக் கீழே, அதே அளவில் ஏழெட்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.

ரெத்தினம் வாசல்படியில் நின்றிருந்தாள்.

“பள்ளிக்கூடத்துல என்ன ‘தொளையன் மவன்’னு விளிப்பானுவ” என்றார் சுயம்பு. குரலை உயர்த்தவில்லை. “அப்பன் தொளையன். இந்த ஊருல ஒரு சன்னல் சட்டத்துக்குக்கூட அவர யாரும் கூப்பிடல்ல. சைக்கிள்ள மார்த்தாண்டம் வரைக்கும் போயி வேலை செஞ்சாரு. பூட்ட எவனோ எடுத்திருக்கான், எவனோ எடுத்திருக்கான்னு சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவாரு. அம்மைக்கு அதக் கேட்டுக் கேட்டு மடுத்துப் போச்சு. கடைசியில நாங்களே நம்பல்ல.”

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“என்னட்ட கேக்காதிங்க. அக்காட்ட சொல்லுங்க. எங்கப்பன்ட்ட வந்து சொல்லுங்க. புதன்கிழமை வரைக்கும் ஆள நிறுத்தி வச்சிருக்கேன். அதுக்குப் பொறவு லாரி கொல்லத்துக்குப் போவும்.”

கட்டையை மேசையில் விட்டுவிட்டுப் போனார். இன்று தாள் பறக்கவில்லை.

மே 19, திங்கள்

மழை ஒரு வாரம் முன்கூட்டியே வரும் என்று வானொலியில் சொன்னார்கள். குடையோடு கரைக்குப் போய் எட்டு போட்டுப் பார்த்தேன். வீடு இருந்த கல்லிலிருந்து ஒன்பது. இன்னொரு முறை நடந்தேன். ஒன்பதுக்கும் குறைவு. தபால் நிலையம் வரை போய்விட்டு ஒரு கடித உறை வாங்கிக்கொண்டு திரும்பினேன். லலிதாம்பிகைதான் உறையைக் கொடுத்தாள்.

“குறிப்புகளப் பாத்தாச்சா சார்மாமா?”

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மே 20, செவ்வாய்

உறைக்குள் வைக்க ஆறு வரி எழுதினேன். தபாலில் போட்டால் அவளே முத்திரை குத்தி, அவளே தனக்குத் தபால் எடுத்துக்கொள்ள வேண்டும். ரெத்தினம் அதைக் கேட்டுவிட்டு, “சட்டையப் போடுங்கோ” என்றாள். அவளும் கூட வந்தாள்.

அந்த ஒற்றை அறையில் கட்டிலின் மேல் கட்டையை வைத்து, இதுதான் பூட்டு, எடுத்தது நான் என்று சொன்னேன். தொடங்குமுன் நினைத்ததைவிடக் குறைவான நேரம்தான் ஆனது. ஒரு நிமிடத்துக்குள்.

லலிதாம்பிகை கட்டையைப் புரட்டி 412ஐப் பார்த்தாள். வெளியே தூறல். ஒருவர் வந்து மணியார்டர் படிவம் கேட்டார். போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

“அப்பா சாவுகதுக்கு முந்தின நாளும் அந்த முட்டப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழும்பினா. அந்த ஆசாரி நல்லாருக்க மாட்டான்னு சொல்லிக்கிட்டு எழும்பினா.”

நான் கட்டையைக் கட்டிலின் விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

“மாமா” என்றாள். சார் என்பதைச் சேர்க்கவில்லை. “நான் வேற என்னென்னத்த நம்பியிருக்கேன் ஒங்க படத்துல? மிச்சமெல்லாம் சரிதானா?”

சரிதான் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நான் அவளிடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“சுயம்புட்ட நாளைக்கு லாரி அனுப்பாண்டாம்னு சொல்லுகேன். அவங்கப்பாட்ட நானும் வாறேன். எங்கப்பா சொன்னதுக்கு நான்லா போணும்.”

மே 22, வியாழன்

நாகப்பன் ஆசாரி முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. கைகள் மட்டும் இன்னும் பெரியவை.

“அப்பா, படம் வரைஞ்ச சார் வந்திருக்காரு.”

“ரெண்டு பேருக்க காலடில்லா கேட்டுது.”

“ஆத்தங்கரை வீட்டு அக்காவும்.”

டிரான்சிஸ்டரை அணைத்தார்.

ஆறு வரியும் சட்டைப்பையில் இருந்தன. எடுக்க வரவில்லை. கட்டையை அவர் கையில் வைத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். குறுகிய முனையிலிருந்து பெரிய முனைவரை கட்டைவிரலை ஓட்டினார். புரட்டினார். மறுபடி ஓட்டினார்.

“பிலாவு” என்றார். “நான் சொன்னேம்லா, பிலாவுல ஒரு பூட்டுன்னு.” அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை, அவர் மனைவி இறந்து ஆறு வருடமாகிறதாம்.

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அடி சீவியிருக்கு.”

“ஆமாம். மேசையில் ஆடாமல் நிற்பதற்காக.”

“எவ்வளவு?”

“ஒரு நூல்.”

“ஒரு நூல் இல்ல. ஒண்ணரை.”

“ஒரு நூல்தான். மீதி அரை, மரம் காய்ந்து சுருங்கியது.”

“நீரு அளந்ததா, நெனச்சதா?”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“தொளை ஒரு அங்குலம் ஏழு நூலு. அண்ணைக்கு அதுக்குள்ள வெரல விட்டது இண்ணைக்கும் வெரல்ல இருக்கு. இது அஞ்சரைதான் உண்டும். இருநூறு வருசம் அடுப்புப் புகையில கெடந்து சுருங்காத மரம், ஒம்ம மேசைக்கு வந்த பொறவாக்கும் சுருங்கினது?”

சுயம்பு சிரித்துவிட்டார். லலிதாம்பிகை சிரிக்கவில்லை.

“எங்கப்பா ஒங்கள அப்பிடிச் சொன்னது தப்பு ஆசாரி” என்றாள்.

“ஒங்கப்பன் படத்த நம்பினாரு, பிள்ளே. படம் நல்லாத்தான் இருந்திருக்கும்.” பிறகு காதைச் சாய்த்து, “அங்க என்னத்தயோ சரசரங்குது?” என்றார்.

என் கை சட்டைப்பையில் இருந்தது. எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றேன்.

“வாசியும்.”

வாசித்தேன். ஆறு வரிதான். பூட்டை எடுத்தது நான். துளையை மறைத்தது நான். கேட்டபோது சொல்லாமலிருந்ததும் நான். கடைசி இரண்டு வரிகள் அவரைப் பற்றியவை. அவர் துளை வெட்டவில்லை, அவர் சொன்னதுதான் உண்மை.

அவர் கேட்டு முடித்துவிட்டு, “இத எனக்கு வாசிச்சு என்னத்துக்கு?” என்றார். “எனக்குத்தான் இது தெரியுமே. அந்தப் படத்துல எழுதும்.”

எழுதுகிறேன் என்றேன்.

கட்டையை மகன் பக்கம் நீட்டினார். “புதுசு செய்யாண்டாம். ஒண்ணரை நூலுக்கு ஒரு பிலாவுச் சீவலு சேத்து அடி. பிடிச்சுக்கிடும்.”

“மேல காப்பி வட்டம் கெடக்குப்பா. அதச் சீவிரட்டா?”

“கெடக்கட்டு.”

மே 23, வெள்ளி

பரணிலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். 1981, நவம்பர் 9: ‘மேசையில் கட்டை ஆடுகிறது. அடியில் ஒன்றரை நூல் சீவினேன். இப்போது ஆடவில்லை.’

என் கையெழுத்துதான்.

மே 24, சனி

சட்டத்திலிருந்து படத்தை எடுத்தேன். மோட்டுவளையில் துளையை வரைந்தேன், பூட்டைத் தனியாக அளவோடு வரைந்தேன். அதன் கீழே ஆறு வரியையும் எழுதினேன். இரண்டு எழுத்துகள் கோணலாக விழுந்தன. ரப்பர் எடுக்கவில்லை. வெளியே நல்ல மழை. கரையைப் பார்க்கப் போகவில்லை. இனி அங்கே எதுவும் இல்லை.

மே 29, வியாழன்

இரண்டு நாள் மழைவிட்டதில் சுயம்பு மோட்டை ஏற்றிவிட்டார். 412ஐ அடித்தபோது நான் கீழே நின்றேன். முதல் மூன்று அடியும் மொத்தையான சத்தம். நான்காவது அடியில் வேறு சத்தம், மரம் முழுவதிலிருந்தும் வந்தது போல. “பிடிச்சாச்சு சாரே, எழுதிக்கிடுங்க” என்று மேலிருந்து கத்தினார். எழுதிக்கொண்டேன். நூல் பிடித்துப் பார்த்தேன், தொய்வு இல்லை. மறுபடி பிடித்தேன்.

148/88.

ஜூன் 2, திங்கள்

நேற்று பிற்பகல் தொடங்கிய மழை நிற்கவில்லை. புது ஓலை முழுக்க நனைந்து பாரமேறியிருக்கும். பத்து மணிக்குப் பலாவிளைக்குப் போனோம். லலிதாம்பிகை பால் காய்ச்சினாள். படத்தை வாசலுக்கு எதிரே, உள்ளே வருகிற யாருக்கும் முதலில் தெரியும்படி மாட்டியிருக்கிறாள். ஒருவர் அதன் முன் நின்று வாசித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு மோட்டைப் பார்த்தேன். இன்று மட்டும் இருபது முறையாவது பார்த்திருப்பேன். இறங்கவில்லை.

கூடத்தின் நடுவில் முட்டு இல்லை. ஆனாலும் லலிதாம்பிகை டம்ளர்களோடு வரும்போது அந்த இடத்தில் விலகிச் சுற்றித்தான் வந்தாள். தெரிந்ததும் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்; திரும்பிப் போகும்போதும் சுற்றித்தான் போனாள். அவள் சொந்தக்காரர்களும் அப்படியே. நான் டம்ளரை வைக்க எழுந்தபோது நானும்.

பதினொரு மணிக்குச் சுயம்பு அப்பாவை அழைத்துவந்தார். நிலைவாசலில் நாகப்பன் ஆசாரி மகன் கையை விட்டுவிட்டு, மேல்படியைத் தடவிப் பார்த்துத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் நின்று மழை ஓலையில் விழுவதைக் கேட்டார். அவரைத் துரத்திய பிறகுதான் அந்த முட்டு வந்தது. அவர் அதைப் பார்த்ததேயில்லை. கூடத்தின் நடுவழியாக நேராக நடந்து, எதிர்ப்பக்க நிரைப் பலகையைத் தொட்டு நின்றார்.